வேலிக் குழையும் ஆட்டுப் பாலும்

எமது நாட்டிற் பாலைப் பற்றிய பேச்சு பசுவிலே தொடங்கிப் பால்மாவிலே முடிவடைவது வழக்கம். ஆடு அப்பேச்சில் இடம்பெறுவது அரிது. இடம்பெறினும் இறைச்சிக்குரிய விலங்காகவே கருதப்படுகின்றது. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காணி குறைந்த, அல்லது காணியே அற்ற குடும்பங்களைப் பொறுத்தவரை, வளவின் மூலையிற் கட்டப்பட்டு நிற்கும் ஓர் ஆடே குழந்தைக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும் உரிய பாலைத் தருவது. அதனைப் பராமரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. 2021, 2022ஆம் ஆண்டுகளிற் பால்மா கடைகளிற் கிடையாதபோதும், கிடைத்தவிடத்து வாங்கவியலா விலையில் இருந்தபோதும், இவ்வாட்டின் பெறுமதி பலருக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

ஒரே கிராமத்தில், ஒரே கிடாயின் வழிவந்த இரு மறிகளுள் ஒன்று ஒன்றரை லீற்றர் பால் கறக்க, மற்றையது அரை லீற்றருக்கும் குறைவாகக் கறப்பது ஏன்? இவ்வினாவிற்கு எம்மிடையே வழங்கும் விடை 'சாதி' என்பதாகும். நல்ல சாதி ஆடு கறக்கும், மற்றையது கறவாது என்பர். அரசாங்கத் திட்டங்களும் நெடுங்காலமாக இந்நம்பிக்கையையே பின்பற்றி, உயரின ஆடுகளை வழங்குவதிற் காட்டிய அக்கறையை அவை எதனைத் தின்னப் போகின்றன என்பதிற் காட்டவில்லை. இனத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் இனம் தருவது பால் சுரக்கும் இயல்பை மட்டுமே. பாலாக மாறும் பொருளைத் தருவது தீனியாகும்.

குடாநாட்டில் மதிப்புப் பெற்ற ஜமுனாபாரி இனத்தின் வரலாறே இதற்குச் சான்று. வட இந்தியாவில், யமுனை, சம்பல் ஆகிய ஆறுகள் அரித்த பள்ளத்தாக்குகளைக் கொண்ட எற்றாவாப் பகுதியே அதன் தாயகம். அங்கு அது புல்மேய்ந்து வளர்ந்த விலங்கன்று. பற்றைகளிலும் முள்மரங்களிலும் எட்டிக் குழை தின்று வளர்ந்தது. பசு நாக்கினாற் புல்லைச் சுழற்றிப் பறிக்கும். ஆடோ அசையுந்தன்மையுள்ள மேலுதட்டினால் இலையைத் தெரிந்தெடுக்கும். பின்னங்கால்களில் எழுந்து நின்று கொப்பை வளைக்கும். தெரிந்து தின்பது அதன் இயல்பு. புல்லையும் வைக்கோலையும் மட்டும் போட்டு அதிற் பாலை எதிர்பார்ப்பது, அவ்வினத்தை வாங்கிய பணத்தை வீணாக்குவதாகும்.

தின்ற தீனி பாலாவது எவ்வாறு? ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரியதாகிய பெருவயிற்றில் எண்ணிறந்த நுண்ணங்கிகள் வாழ்கின்றன. தீனி முதலில் இவற்றுக்கே உணவாகின்றது. நாரையும் மாப்பொருளையும் இவை நொதிக்கச் செய்து அசற்றிக்கமிலம், புரோப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. ஆடு தன் சத்தியின் பெரும்பகுதியை இவ்வமிலங்களிலிருந்தே பெறுகின்றது. நுண்ணங்கிகளும் ஈற்றிற் சிறுகுடலிற் சமிபாடடைந்து அதற்குப் புரதமாகின்றன.

இவ்வமிலங்களின் விகிதமே பாலின் அளவையும் தன்மையையும் பெரிதும் தீர்மானிக்கின்றது. நார் மிகுந்த குழையும் புல்லும் அசற்றிக்கமிலத்தைக் கூட்டும். அது பாற்கொழுப்பிற்கு மூலப்பொருள். தானியத்திலுள்ள மாப்பொருள் புரோப்பியோனிக்கமிலத்தைக் கூட்டும். அதிலிருந்து ஈரல் குளுக்கோசை ஆக்குகின்றது. குளுக்கோசின் முக்கியத்துவத்தை உணர்த்திய ஆய்வுகள் ஆட்டின் மடியிலேயே நிகழ்ந்தன என்பது குறிப்பிடத்தக்கது. கேம்பிரிட்சுக்கு அண்மையிலுள்ள பேபிரகாமில் இயங்கிய விலங்கு உடற்றொழிலியல் நிறுவனத்தில் லின்செல் என்பாரும் அவர்தம் துணைவர்களும் ஆட்டின் மடியை உடலினின்றும் பிரித்து, அதனூடு குருதியைச் செலுத்தி உயிருடன் பேணினர். 1961இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, செலுத்தப்பட்ட குருதியிற் குளுக்கோசு இல்லாதவிடத்துப் பாற்சுரப்பு வீழ்ச்சியுற்றது. அதனைச் சேர்த்தபோது சுரப்பு நிலைபெற்றது. காரணம் எளிது. குளுக்கோசிலிருந்தே பால்வெல்லமாகிய இலற்றோசு உண்டாகின்றது. இலற்றோசே பிரசாரணத்தினால் நீரை மடியினுள் இழுக்கின்றது. பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர். எனவே எத்துணை இலற்றோசு உண்டோ அத்துணையே பால். ஆட்டிற்குத் தண்ணீரை மிகுதியாகப் பருக்கினாற் பால் பெருகும் என்னும் எண்ணம் இவ்விடத்தில் அரைவாசி உண்மையே: தண்ணீர் குறைந்தாற் பால் குறையும், தண்ணீர் கூடுவதனால் மட்டும் பால் கூடாது.

இனி எமது வளவுக்கு வருவோம். குடாநாட்டு வேலிகளிற் கதியாலாக நாட்டப்படும் கிளிசரிடியா என்னும் சீமைக்கிளுவை, முள்முருக்கு, பூவரசு ஆகியவற்றின் குழையும், தோட்டத்து அகத்தியும், பலாவிலையும் இங்குள்ள ஆடுகளின் வழமையான தீனிகள். இவற்றுட் கிளிசரிடியா, முருக்கு, அகத்தி ஆகியன அவரைக் குடும்பத்தைச் சார்ந்தவை. கிளிசரிடியா இலையின் உலர்பொருளிற் புரதம் 20 சதவீதத்திற்குக் குறையாது. பூவரசில் அதனினும் குறைவு. 35 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மறி நாளொன்றுக்கு 5 கிலோகிராம் பச்சைக் கிளிசரிடியாக் குழை தின்பதாகக் கொள்வோம். அதில் உலர்பொருள் ஏறத்தாழ 1.3 கிலோகிராம், புரதம் ஏறத்தாழ 260 கிராம். உடலைப் பேணவும் ஒன்றரை லீற்றர் பாலைச் சுரக்கவும் அதற்கு வேண்டிய புரதம் 180 கிராம் அளவிலேயே அமையும். எனவே புரதத்திற்குக் குறைவில்லை. சத்தியைக் கணித்தால் நிலைமை வேறு. வேண்டுவது ஏறத்தாழ 14 மெகாயூல். குழை தருவது 12 அளவிலேயே. குறைபடும் 2 மெகாயூல் ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் பாலுக்குச் சமம்.

இக்கணக்கு அண்ணளவானது, இலையின் முதிர்ச்சிக்கும் ஆட்டின் நிறைக்கும் ஏற்ப மாறும். ஆயினும் அது காட்டும் திசை தெளிவானது. நிறையக் குழை போட்டும் ஆடு கறக்கவில்லையென்று கண்ட ஒருவர், கடனுக்கேனும் எள்ளுப் பிண்ணாக்கு வாங்கி ஊட்டுகின்றார். எள்ளுப் பிண்ணாக்கு முதன்மையாகப் புரதம். ஏற்கெனவே மிகையாயிருக்கும் புரதத்தோடு அது சேரும்போது, பெருவயிற்றில் அமோனியாவாகி, ஈரலில் யூரியாவாகி, சிறுநீரோடு வெளியேறுகின்றது; அம்மாற்றத்திற்கும் சத்தி செலவாகின்றது. அவர் விலைகொடுத்து வாங்கியது ஆட்டின் மூத்திரத்திற் போகின்றது. அவ்வாட்டிற்கு வேண்டியது கால் கிலோகிராம் அளவிலான குறுநொய், சோளம், அல்லது உமி கலவாத தவிடு. தேங்காய்ப் பிண்ணாக்கு புரதத்தோடு எண்ணெயையும் கொண்டிருப்பதால் இரண்டையும் ஓரளவு தரும்; அதனை விரும்பும் எமது பழைய வழக்கம் பிழையன்று. ஆலைகளிலிருந்து வரும் மலிவான தவிட்டிற் பெரும்பகுதி உமியாயிருப்பதையும் இங்குச் சொல்லவேண்டும். உமி வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது.

வாடைக் காற்றுடன் வந்த மழை ஓய்ந்து, சித்திரை கடந்து கோடை முற்றும்போது கணக்குத் தலைகீழாகின்றது. புல் கருகும், கிளுவை இலையுதிர்க்கும், ஆடு காய்ந்த புல்லையும் சருகையும் வைக்கோலையும் நம்பியிருக்கும். இவற்றிற் புரதம் மிகக் குறைவு. புரதமின்றேற் பெருவயிற்று நுண்ணங்கிகளுக்கு நைதரசன் இல்லை; அவை பெருகாவிடின் நார் சமிபாடடையாது; தீனி வயிற்றில் தேங்கிக் கிடக்க, ஆடு தின்பதையும் குறைத்துக்கொள்ளும். அப்போது ஒரு பிடி எள்ளுப் பிண்ணாக்கு, மழைக்காலத்திற் செய்யாததைச் செய்யும். ஒரே பிண்ணாக்கு மார்கழியில் வீண்செலவாகவும் ஆடியிற் பாலாகவும் அமைவதன் காரணம் இதுவே. எந்தத் தீனி சிறந்தது என்ற கேள்விக்குத் தனித்து விடையில்லை. எதனோடு சேர்த்து என்று கேட்டல் வேண்டும்.

தானியம் நல்லதெனக் கொண்டு அதனை மிகுத்தலும் தீதாகும். மாப்பொருள் மிகுந்தாற் பெருவயிறு புளித்து இலற்றிக்கமிலம் தேங்கும், பாற்கொழுப்புக் குறையும், எல்லை கடந்தால் ஆடு மாளும். கலியாண வீட்டுச் சோற்றை ஒரே வேளையில் தின்று, மறுநாள் வயிறூதி இறந்த ஆடுகளைப் பற்றிய கதை எமது ஊர்களில் இல்லாமலில்லை. அன்பின் மிகுதியால் நேரும் இறப்பு அது.

குழையிலும் எல்லாம் நன்மையன்று. 1970களிலும் 1980களிலும் உலகெங்கும் பெரிதும் பரப்பப்பட்ட இப்பில் இப்பில் புரதம் நிறைந்தது. ஆயின் மிமோசின் என்னும் நச்சுப்பொருளைக் கொண்டது. அது பெருவயிற்றிற் சிதைந்து உண்டாகும் பொருள் தைரொயிட்டுச் சுரப்பியைத் தாக்கும், மயிர் உதிரும், நிறை குறையும். அவுஸ்திரேலியாவில் இந்நோய் காணப்பட, ஹவாயில் அதே குழையைத் தின்ற ஆடுகள் நலமாயிருந்தன. அவுஸ்திரேலிய ஆய்வாளரான ரேமண்ட் ஜோன்ஸ் இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடி, ஹவாய் ஆடுகளின் பெருவயிற்றில் அந்நஞ்சைச் சிதைக்கும் பற்றீரியா உண்டெனக் கண்டார். 1980களில் அவ்வயிற்று நீரை அவுஸ்திரேலிய விலங்குகளுக்குச் செலுத்தியபோது அவையும் தாங்குந்திறன் பெற்றன. 1992இல் அப்பற்றீரியா அவர் பெயராற் சினெர்ஜிஸ்ரெஸ் ஜோன்சியை எனப் பெயரிடப்பட்டது. எம்மைப் பொறுத்தவரை, அக்குழையைப் பிற குழைகளோடு கலந்து, மொத்தத் தீனியில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படாது இடுதல் பாதுகாப்பானது. கிளிசரிடியாவின் மணத்தை முதலில் வெறுக்கும் ஆட்டிற்கும் ஒருவழியுண்டு: ஒடித்த குழையை ஓரிரவு வாடவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்கினால் தின்னும்.

எப்போது ஊட்டுவது என்பதும் தெரிவின் ஒரு பகுதியே. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். குட்டியின் வளர்ச்சியிற் பெரும்பகுதி இறுதி ஐம்பது நாள்களிலேயே நிகழ்கின்றது. மடியும் அப்போதே உருவாகின்றது. பால் வற்றிய ஆட்டிற்கு எதற்குத் தவிடு என எண்ணி அக்காலத்தில் தீனியைக் குறைப்பது பெருவழக்கு. ஈன்றபின் நான்காவது கிழமை தொடக்கம் எட்டாவது கிழமை வரையிலான காலத்திற் பால் உச்சத்தை அடையும். அப்போது ஆடு தின்பதனால் மட்டும் ஈடுசெய்யவியலாது தன் உடலின் கொழுப்பைக் கரைத்தே சுரக்கின்றது. சேமிப்பு இல்லாத ஆட்டிற்கு உச்சமும் இல்லை. அவ்வீற்று முழுவதும் அக்குறை தொடரும்.

இவையனைத்திற்கும் அடிப்படை வேலி. யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றி எழுதியோர் எல்லைத் தகராறுகளையும் வழக்குகளையுமே பெரிதும் எழுதினர். அவ்வேலி ஒரு தீனிக் களஞ்சியமாயிருந்ததைச் சிலரே நோக்கினர். காணியற்றவளும் தன் குடிசையைச் சுற்றிய கதியாலிலிருந்து கொக்கத்தடியாற் குழை முறித்து ஓர் ஆட்டை வளர்க்க முடிந்தது. 1995இன் வலிகாம இடப்பெயர்வின்போது கைவிடப்பட்ட வளவுகளில் வேலிகள் அழிந்தன. 2009இற்குப் பின் மீளக் கட்டப்பட்ட வீடுகளைச் சுற்றி, வெளிநாட்டுப் பணம் வந்த இடங்களில், சீமெந்து மதில்கள் எழுந்தன. மதில் பாதுகாப்பானது, ஆண்டுதோறும் அடைக்கவேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு இலையும் துளிர்ப்பதில்லை. மதில் கட்டியவருக்குப் பெரும்பாலும் ஆடு இல்லை. அயலில் ஆடு வளர்ப்பவருக்கு இப்போது குழை இல்லை. முன்பு கேட்டு முறித்த குழை, கட்டாக விலைக்கு வருகின்றது. எஞ்சியது கடைத் தீவனம். அத்தீவனத்தின் விலை 2021இன் பின் எவ்வாறு ஏறியதென்பதை ஆடு வளர்ப்பவர் அறிவர்.

ஆகவே ஆடு வழங்கும் எந்தத் திட்டமும், ஆட்டொன்றுக்கு எத்தனை கதியால் என்ற கணக்கோடு தொடங்குதல் வேண்டும். தண்டை வெட்டி நட்டால் தளைக்கும் கிளிசரிடியாவிற்கு விதையும் வேண்டா, உரமும் வேண்டா. மதிலின் உட்புறத்திலும், வாய்க்கால் ஓரத்திலும், கோயில், பாடசாலைக் காணிகளின் எல்லைகளிலும் அது வளரும். அங்கே குழை முறிக்கும் உரிமை யாருக்கு என்பதை ஊர்ச்சங்கங்களும் பிரதேச சபைகளும் முன்கூட்டியே தீர்மானித்தல் நன்று.