இராட்டினக்காரர் ஏன் இடம் மாற்றி உட்கார வைக்கிறார்?

திருவிழாத் திடலிலோ பொருட்காட்சியிலோ பெரிய இராட்டினத்தில் ஏறியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். நீங்கள் எட்டுப் பேராகச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் ஒரு தொட்டிலில் அமர்ந்ததும் மற்ற நால்வரும் அடுத்த தொட்டிலில் ஏற முற்படுகிறீர்கள். இயக்குபவர் கையை நீட்டித் தடுக்கிறார். சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி, நேர் எதிரே இருந்த தொட்டில் கீழே வந்த பிறகுதான் ஏற விடுகிறார். சில வேளைகளில் பருமனான ஒருவரை எழுப்பி வேறு தொட்டிலுக்கு அனுப்புவதும் உண்டு. இதனால் கோபம் கொண்டு அவருடன் சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அவர் அப்போது எடை போட்டுக்கொண்டிருக்கிறார். தராசு அந்தச் சக்கரமே.

நால்வரின் எடை ஏறக்குறைய 250 கிலோ. இந்த எடை அச்சிலிருந்து 6 அல்லது 7 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. எடை அதே அளவாயினும், அச்சிலிருந்து விலகி இருக்க இருக்கச் சக்கரத்தைத் திருப்பும் திறன் பெருகும். இதைத் திருப்புத்திறன் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். எதிர்த் தொட்டிலிலும் ஏறக்குறைய அதே எடை இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அடுத்தடுத்த மூன்று தொட்டில்கள் நிரம்பி எதிர்ப்புறம் காலியாக இருந்தாலோ, முக்கால் டன் எடை ஒரு பக்கமாகச் சாயும். பல இராட்டினங்களில் விளிம்பைச் சுற்றிய கம்பிக் கயிறோ, விளிம்பில் அழுந்தும் ரப்பர் சக்கரமோதான் சுழற்சியைத் தருகிறது. இரண்டும் உராய்வை நம்பியவை. உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கயிறு வழுக்கும். மோட்டார் ஒரு பக்கம் ஓட, சக்கரம் தன் கனத்த பக்கம் கீழே வரும் வரை தானே உருளும். அப்போது கீழே யாராவது ஒரு காலைத் தொட்டிலிலும் மறு காலைத் தரையிலும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த எடைக் கணக்கை வைத்தே மோட்டார் இல்லாமல் பெரிய இராட்டினத்தைச் சுழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மியன்மார் நாட்டின் திருவிழாக்களில் ஐந்தாறு இளைஞர்கள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் பற்றிக் குரங்கு போல உச்சிக்கு ஏறுவார்கள். எல்லோரும் ஒரே பக்கத்தில் தொங்க, அவர்கள் எடையால் சக்கரம் சுழலத் தொடங்கும். தரையை நெருங்கும்போது குதித்துவிடுவார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் 10 மீட்டர் இறங்கும்போது அவர் இழக்கும் நிலையாற்றல் ஏறக்குறைய 4,900 ஜூல். ஐவர் இறங்கினால் 24,500 ஜூல். தொட்டில்களும் ஆட்களுமாக விளிம்பில் 2,000 கிலோ இருந்தால், அதற்கு விநாடிக்கு 4 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைத் தர இந்த ஆற்றல் போதும். இடுப்பில் கயிறுகூடக் கட்டாமல் இதைச் செய்கிறார்கள். வியக்கலாம், பார்த்துச் செய்யத் தக்கதன்று.

இராட்டினம் புதிய பொருளன்று. 1620-இல் இன்றைய பல்கேரியப் பகுதியில் பயணம் செய்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், கையால் சுற்றும் சக்கர இராட்டினத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரச் சக்கரத்தை நிறுவினார். அதன் 36 பெட்டிகளில் ஒரே நேரத்தில் 2,160 பேர் ஏறலாம். ஆனால் அதை மாட்டு வண்டியிலோ லாரியிலோ ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக முடியுமா? வில்லியம் சல்லிவன் என்ற பாலம் கட்டுபவர் 1900-இல் கழற்றி மாட்டக்கூடிய சிறு சக்கரத்தைச் செய்தார். ஊர்விட்டு ஊர் செல்லும் இராட்டினத் தொழில் வளர்ந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

கழற்றி மாட்டுவதில்தான் தொல்லையும் இருக்கிறது. நிலையான பூங்காவில் அடித்தளம் சிமெண்டுக் கான்கிரீட். நாடோடி இராட்டினத்துக்கோ நேற்று வரை மாடு மேய்ந்த திடல். மரக்கட்டைகளை அடுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்துகிறார்கள். இரவு மழை பெய்து ஒரு பக்க மண் இளகினால் அச்சு சாயும். அதனால் காலையில் மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மரையையும் ஆணியையும் முடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பயணிக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் பஞ்சாபின் மொகாலியில், கம்பத்தில் மேலேறி இறங்கும் இராட்டினம் ஒன்று ஏறக்குறைய 50 அடி உயரத்திலிருந்து விழுந்து பலர் காயமுற்றனர். புதிய இராட்டினத்தில் முதலில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஊழியர்களே. 2016 மே மாதம் சென்னைக்கு அருகே, நிலையான பூங்கா ஒன்றில் நடந்த சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் இறந்தார்.

இனி, உங்கள் வயிற்றுக்கு வருவோம். கீழே இறங்கும்போதுதான் வயிறு கலங்குகிறது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் எடை மிகவும் குறைவது உச்சியில்தான். 7 மீட்டர் ஆரமுள்ள சக்கரம் 8 விநாடிக்கு ஒரு சுற்று வந்தால், உச்சியில் ஈர்ப்பின் ஒரு பகுதி உங்களை வட்டப் பாதையில் திருப்பவே செலவாகிறது. இருக்கை உங்களைத் தாங்க வேண்டிய அளவு அந்த அளவுக்குக் குறைகிறது. 50 கிலோ உள்ளவர் அங்கே 28 கிலோ போலவும் அடியில் 72 கிலோ போலவும் உணர்வார். குடலும் இரைப்பையும் இதே மாற்றத்துக்கு உள்ளாகின்றன. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பும் அதைக் கண்டு மூளைக்குச் சொல்கிறது. மடியின் குறுக்கே போடும் கம்பியின் பயன் இங்கேதான். உடல் லேசாக இருக்கும் கணத்தில் எழுந்து நிற்பவரைத் தொட்டிலில் இருத்தி வைக்க வேறு எதுவும் இல்லை. தொட்டிலை ஆட்டாதே என்று இயக்குபவர் கத்துவதும் வீணாக அன்று. ஊஞ்சலைப் போலவே தொட்டிலும் தாளத்துடன் உந்தினால் ஆட்டம் பெருகும்.

சங்கிலி இராட்டினத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரே வரிசையில் குழந்தையும் பெரியவரும் காலி இருக்கையும் ஒரே அளவு சாய்ந்துதான் சுற்றும். சாய்வு வேகத்தையும் ஆரத்தையும் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. சங்கிலியின் இழுப்பு மட்டும் எடையோடு கூடும். 45 பாகை சாயும்போது 50 கிலோ ஆளின் சங்கிலி ஏறக்குறைய 70 கிலோவைத் தாங்குகிறது. ஓர் இருக்கை மட்டும் வரிசையிலிருந்து விலகினால், பெரும்பாலும் யாரோ அடுத்தவரைப் பிடித்து இழுக்கிறார் என்று பொருள். கீழே நிற்பவர் விசையைக் குறைப்பது அதைக் கண்டுதான்.

சுற்று முடிந்த பின் உங்களை உச்சியிலேயே நிறுத்திவிட்டு வேறு யாரையோ இறக்குகிறார்களே, அதுவும் அதே தராசுக் கணக்குதான். ஒரு தொட்டில் காலியானால் அடுத்தது அதன் எதிர்த் தொட்டில். ஏற்றிய ஒழுங்கிலேயே இறக்குகிறார்கள். உங்கள் முறை வரும்வரை குறுக்குக் கம்பியை நீங்களே திறக்காதீர்கள். தொட்டில் தரைக்கு வந்து நின்றதும் அவரே வந்து திறப்பார்.