டயாலிசிஸ் குழாய் அடிக்கடி அடைக்கிறதா? குடும்ப விவரத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்



டயாலிசிஸ் உதவி கேட்டு நமது டிரஸ்டுக்கு வரும் மனுக்களில், "கழுத்தில் போட்ட குழாய் அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. செலவுக்கு வழி செய்வதோடு, ஏன் அடைக்கிறது என்று கேட்டறிவதும் அவசியம்.

உடலுக்குள் அந்நியப் பொருள் இருந்தால் அதன்மேல் இரத்தம் உறையப் பார்க்கும். அதனால்தான் ஒவ்வொரு டயாலிசிஸ் முடிந்ததும் குழாயில் ஹெப்பாரின் மருந்தை நிரப்பி மூடுகிறார்கள். அப்படியும் அடைத்தால், குழாய் மடங்கியிருக்கிறதா, நுனி இடம் மாறியதா, நுனியைச் சுற்றிப் படலம் படிந்ததா என்று முதலில் பார்ப்பார்கள். பெரும்பாலும் காரணம் இவற்றில்தான் இருக்கும்.

சிலருக்கோ காரணம் பிறவியிலேயே இருக்கிறது. இரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்க ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் என்ற பொருட்கள் நம் உடலில் உண்டு. இவை பரம்பரையாகக் குறைவாக இருந்தால் இரத்தம் எளிதில் உறையும். ஆன்டித்ராம்பின் குறைபாடு 1965-இல் நார்வே நாட்டுக் குடும்பம் ஒன்றில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஹெப்பாரின் வேலை செய்வதே ஆன்டித்ராம்பின் துணையோடுதான். அது குறைந்தவருக்கு ஹெப்பாரினின் பலனும் குறையலாம்.

பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. சொந்தத்தில் திருமணம் செய்த தம்பதியர் இருவருக்கும் இருந்தால், பிள்ளைக்கு இரு பக்கமும் சேர்ந்து கடுமையாக வரலாம்.

ஆகவே டாக்டரிடம் இவற்றைச் சொல்லுங்கள்: குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்ததா? பிரசவத்துக்குப் பின் மூளை நரம்பில் இரத்தம் உறைந்ததா? அடிக்கடி கரு கலைந்ததா?

பரிசோதனைக்கு நேரம் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டி வந்த சமயத்திலும், ஹெப்பாரின், வார்ஃபரின் எடுக்கும்போதும் முடிவு தவறாகக் காட்டலாம். நீங்களாக லேபுக்குப் போக வேண்டாம். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாகத் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டாம்.

குழாய் மாற்ற மாற்ற, கழுத்து நரம்பு சுருங்கி, அடுத்த குழாய்க்கு இடமில்லாமல் போகலாம். கையில் ஃபிஸ்டுலா வைத்தால் அடைப்பும் கிருமித் தொற்றும் குறைவு. அது பக்குவமாக வாரங்கள், மாதங்கள் ஆகும் என்பதால் முன்கூட்டியே கேளுங்கள். அதற்குரிய கையில் ஊசி குத்தவோ பி.பி. பார்க்கவோ விடாதீர்கள். உறையும் குறை உள்ளவருக்கு ஃபிஸ்டுலாவும் அடைக்கலாம். அதனால் அறுவைக்கு முன்பே விவரம் சொல்வது நல்லது.

நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போரும் இதை மறைக்கக் கூடாது. புதிய சிறுநீரகத்தின் இரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டால், முதல் சில நாட்களிலேயே அது வீணாகிவிடலாம்.

முகமோ கையோ வீங்கினாலும், குளிர்காய்ச்சல் வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அடைப்பை வீட்டில் நீக்க முயலாதீர்கள்.

இனி குழாய் மாற்ற மனு கொடுப்போர், முன்பு மாற்றிய தேதிகளையும் மேற்சொன்ன குடும்ப விவரத்தையும் ஒரு தாளில் எழுதி, முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். செலவுக்கு இயன்றதை நாங்கள் செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.