கண் யாருடையது? ‘ஹாலோவீன்’ படத்தொடக்கத்தில் காமிராவின் தொழில்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறும். நான்கும் அஞ்சுவோனுக்கு எதிரே நிற்பவை. அஞ்சத்தக்க பொருள் எதிரே நில்லாது, காண்போனின் கண்ணையே தனக்கு இடமாகக் கொண்டால் அச்சம் எவ்வாறு தோன்றும்? திரைப்படக்கலை இவ்வினாவுக்கு விடையளித்த ஓரிடத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது, ஜான் கார்ப்பெண்டர் இயக்கி 1978-இல் வெளிவந்த ‘ஹாலோவீன்’ என்னும் அமெரிக்கப் படத்தின் தொடக்கமாகும்.

அக்டோபர் 31 இரவில் சிறுவர் மாறுவேடம் பூண்டு மனைதோறும் செல்லும் விழாவே ஹாலோவீன். கண்ணும் வாயும் செதுக்கி, உள்ளே விளக்கேற்றிய பூசணிக்காயை அன்று வாயிலில் வைப்பர். படத்தின் பெயர்கள் தோன்றுங்கால் அத்தகைய பூசணிக்காய் ஒன்றே இருளில் ஒளிர்கின்றது. காமிரா அதனை நோக்கி மெல்ல மெல்ல ஊர்கின்றது. நிகழ்வது இவ்வளவே. எனினும் நெருங்குதல் என்னும் அச்செயலே காண்போர் நெஞ்சில் ஓர் ஐயத்தை விதைத்துவிடுகின்றது.

அடுத்து 1963-ஆம் ஆண்டு. இல்லினாய் மாநிலத்து ஹாடன்பீல்டு என்னும் கற்பனையூர். ஒரு வீட்டின் முன் காமிரா நிற்கின்றது. பின், நடக்கத் தொடங்குகின்றது. உள்ளே ஓர் இளம்பெண்ணும் அவள் காதலனும் இருப்பதைக் கண்டு, வீட்டின் பக்கமாகச் சென்று சாளரத்தின் வழி நோக்குகின்றது. அவர்கள் மாடிக்கு ஏற, மேலறை விளக்கு அணைகின்றது. காமிரா பின்வாயில் வழியே அடுக்களையுட் புகுகின்றது. ஒரு கை நீண்டு, இழுப்பறையிலிருந்து கத்தியை எடுக்கின்றது. அக்கணமே நமக்கு ஒன்று விளங்குகின்றது: இதுகாறும் நாம் கதை கூறுவோனின் கண்ணால் காணவில்லை, கதைக்குள் உலவும் ஒருவரின் கண்ணாற் கண்டுவந்தோம்.

இப்பகுதி ஏறத்தாழ நான்கு மணித்துளி இடையறாது ஓடுவதாகத் தோன்றும். உண்மையில் வெட்டுகள் மறைக்கப்பட்டுள்ளன; முகமூடி கண்ணை மூடும் இடம் அவற்றுள் ஒன்று. வெட்டு என்பது காண்போர்க்கு ஓர் இளைப்பாறல். வேறோர் இடத்திற்கு, வேறொருவர் முகத்திற்கு அது நம்மை அழைத்துச் செல்லும். அவ்விளைப்பாறல் மறுக்கப்படுதலால், ஒவ்வோர் அடியையும் நாமே எடுத்து வைப்பதாக உணர்கின்றோம். ஒளிப்பதிவாளர் டீன் கண்டியின் குழுவினர் இதற்குப் பயன்படுத்தியது பானாகிளைடு என்னும் கருவி. இயக்குவோர் உடலோடு பிணைக்கப்பட்டு, நடையின் குலுக்கத்தை விற்சுருள்களால் உறிஞ்சிக்கொள்வது அது. கையிற் பிடித்த காமிராவின் நடுக்கமும் இதில் இல்லை. தண்டவாளத்தில் உருளும் காமிராவின் நேர்மையும் இல்லை. மனித நடை போன்றும் அன்று போன்றும் உள்ள இம்மிதப்பே அச்சத்திற்குப் பெருந்துணையாயிற்று என்பது எம் கருத்து.

ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆப் ஈவில்’ (1958) படத்தின் நெடுந்தொடக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே காருள் வெடிகுண்டு வைக்கப்பட்டதை நாம் அறிவோம். காரில் செல்வோர் அறியார். கண் எவருடையதும் அன்று. இங்கோ கண் ஒருவருடையது. அவ்வொருவர் யாரென்பதே நாம் அறியாதது.

மாடியில் கிடந்த கோமாளி முகமூடியைக் கை எடுத்தணிந்ததும், திரை இரு துளைகளாகச் சுருங்குகின்றது, மூச்சொலி கேட்கின்றது. மிகுதியாகக் காண விழையும் வேளையில் காட்சி குறைக்கப்படும் திறம் வியக்கத்தக்கது. பெண் திரும்பி, ‘மைக்கேல்’ என்று கூவுகின்றாள். ஆக, கொலைஞனை அவள் அறிவாள்! கத்தி வீழ்கையில் கண் தன் கையையே ஒருகால் நோக்குகின்றது, பிறர் கையை நோக்குவது போல.

வெளிவாயிலில் தந்தை முகமூடியைக் களைகின்றார். அப்போதுதான் காமிரா எதிர்ப்புறம் திரும்பிக் கண்ணுக்குரியோனைக் காட்டுகின்றது. கோமாளி உடையில், கத்தி ஏந்திய ஆறு வயதுச் சிறுவன். பெற்றோர் அசையாது நிற்க, காமிரா பின்வாங்கி உயர எழுகின்றது.

இதனுள் ஒரு பொருந்தாமை உண்டு. நாம் கண்ட கண் ஆறு வயதுச் சிறுவனின் உயரத்தில் இல்லை. வளர்ந்தோர் உயரத்தில் உள்ளது. கத்தியெடுத்த கையும் சிறுவனுடையதன்று. படக்கதையை உடனெழுதிய டெப்ரா ஹில்லின் கை. அளவு நோக்கின் பிழையே. ஆயினும் அப்பிழை இன்றேல், குழந்தையெனப் பாதி வழியிலேயே உய்த்துணர்ந்திருப்போம்.

கொலைஞன் கண்ணை நமக்குப் பொருத்துவது நம்மையும் உடந்தையாக்குவதாகும் என்று இம்முறையைக் கடிவோர் உளர். அக்கடிதலைப் புறந்தள்ளுதல் இயலாது. பெண்ணை ஆடையின்றிக் காட்டுமிடத்தில் அது மிகவும் பொருந்தும். எனினும் இப்படம் அக்கண்ணை நெடிது பற்றிக்கொண்டிருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகட்குப் பின் நிகழும் எஞ்சிய கதையில் காமிரா பெரும்பாலும் அவன் தோளுக்குப் பின்னோ, தெருவின் மறுபுறத்தோதான் நிற்கின்றது. ஆனால், பட்டப்பகலில் பள்ளி மாணவி லோரி நடந்து செல்ல, காமிரா அவளோடு வாளா மிதந்து வருகையிலும், ‘இது யார் கண்?’ என்று நாம் வினவாதிருத்தல் அரிது.