மூளையில் ‘டிபிஎஸ்’ கருவி வச்சாச்சு... அடுத்து என்ன?

பார்க்கின்சன் நோய்க்கு ‘டிபிஎஸ்’ அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தாச்சு. கை நடுக்கம் குறைந்திருக்கிறது. வீடே நிம்மதியாகிறது. ஆனால், சில நாட்களிலேயே நடுக்கம் திரும்பினால்? ‘லட்சக்கணக்கில் செலவழிச்சது வீணா?’ என்ற பயம் வரும். வீணில்லை. சிகிச்சையின் பாதி இனிமேல்தான் இருக்கிறது.

நடுக்கம் ஏன் திரும்புகிறது?

மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தும்போது அந்த இடத்தில் லேசான வீக்கம் ஏற்படும். அதனாலேயே தற்காலிகமாக நடுக்கம் குறையலாம். வீக்கம் வடிந்ததும் பழையபடி வரும். கருவியை இன்னும் ஆன் செய்யவே இல்லை என்பதை மறக்கக் கூடாது.

எப்போது ஆன் செய்வார்கள்?

பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில். காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும் பேட்டரி கருவியை டாக்டர் வெளியிலிருந்தே இயக்கி, மின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். அன்று காலை மாத்திரை போடாமல் வரச் சொல்வதும் உண்டு. மருந்தின் தாக்கம் இல்லாதபோதுதான் கருவியின் பலன் தெளிவாகத் தெரியும். சரியான அளவு பிடிபட 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம்.

மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீங்க. லெவோடோபா திடீரென நின்றால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். பலருக்கு அளவு குறையும். முழுசாக நிற்பது அரிது.

வீட்டில் என்ன கவனிக்கணும்?

* மாத்திரை போட்ட நேரம், உடல் இறுகிய நேரத்தை நோட்டில் எழுதுங்க. டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி.
* தையல் போட்ட இடம் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ உடனே காட்டுங்க.
* பேச்சுக் குழறல், தடுமாற்றம், மனச்சோர்வு, கட்டுக்கடங்காத செலவு... ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விடாதீங்க. மின் அளவை மாற்றினாலே சரியாகலாம்.
* பிசியோதெரபியில் ‘டயதெர்மி’ எனும் வெப்ப சிகிச்சை கூடவே கூடாது.
* எம்ஆர்ஐ எடுக்கும் முன்பும், விமான நிலையச் சோதனையிலும் கருவியின் அடையாள அட்டையைக் காட்டணும்.

பேட்டரி எத்தனை வருஷம்?

சாதாரண வகை சுமார் 3 முதல் 5 ஆண்டுகள். சார்ஜ் செய்யும் வகை 15 ஆண்டுகள்கூட வரும். பேட்டரி திடீரென நின்றால் நோய் வேகமாகத் தலைதூக்கும். அது அவசர நிலை.

டிபிஎஸ் அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும், நோயை நிறுத்தாது. அதனால், அறுவை சிகிச்சைக்கு லீவு போடும் பிள்ளைகள், அடுத்த ஆறு மாத செக்-அப்களுக்கும் இப்போதே லீவு எடுத்து வைப்பது நல்லது.