பீன்யாவிலிருந்து பிரெஞ்சுச் சந்தைக்கு

உலகில் பிரெஞ்சு பேசுவோர் சுமார் 32 கோடிப் பேர் என்று பிரெஞ்சுமொழி நாடுகளின் சர்வதேச அமைப்பு 2022-இல் கணக்கிட்டது. பிரான்ஸ், பெல்ஜியத்தின் தென்பகுதி, மேற்கு சுவிட்சர்லாந்து, கனடாவின் கியூபெக், மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் பல நாடுகள் என்று அவர்கள் பரவியிருக்கிறார்கள். பெங்களூரு நிறுவனங்களில் பெரும்பாலானவற்றின் இணையதளம் ஆங்கிலத்தோடு நின்றுவிடுகிறது. வெளிநாட்டு வியாபாரம் என்றால் அமெரிக்காவும் பிரிட்டனும்தான் என்று பழகிப்போனதன் விளைவு இது.

எல்லாருக்கும் பிரெஞ்சுத் தளம் தேவை என்பதில்லை. டூலூஸ் நகரில் தலைமையகம் கொண்ட ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320 விமானங்களுக்கு இறக்கைப் பாகங்கள் செய்து தருவது பெங்களூருவின் டைனமேட்டிக் டெக்னாலஜீஸ். அந்த அளவிலான ஒப்பந்தங்களில் இரு தரப்பிலும் ஆங்கிலம் தெரிந்த பொறியாளர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிரெஞ்சு இணையதளம் அங்கே பெரிதாக எதையும் மாற்றாது. அது உதவுவது சிறிய வாங்குநரிடம் போய்ச் சேர. லியோன் நகரில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையின் முதலாளி, ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் பம்பு விற்கும் வியாபாரி, செனகலின் டாக்கரில் மருந்து மொத்தக்கடை வைத்திருப்பவர்: இவர்கள் வேண்டியதைப் பிரெஞ்சில்தான் தேடுகிறார்கள். பிரெஞ்சில் ஒரு பக்கம்கூட இல்லாத, பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையிலுள்ள ஒரு தொழிற்கூடம் அந்தத் தேடலில் அவர்கள் கண்ணில் படுவது அரிது. பொருள் நன்றாக இருக்கலாம், விலையும் குறைவாக இருக்கலாம். அதெல்லாம் பார்வையில் பட்ட பிறகுதானே?

ஐரோப்பிய ஆணையம் 2011-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், இணையம் பயன்படுத்துவோரில் பத்தில் ஒன்பது பேர் வாய்ப்பிருந்தால் தங்கள் மொழித் தளத்தையே நாடுவதாகச் சொன்னார்கள். வேற்றுமொழித் தளத்தில் ஒருபோதும் வாங்குவதில்லை என்றவர்கள் 42 சதவீதம். 2020-இல் சி.எஸ்.ஏ. ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் 29 நாடுகளில் 8,709 பேரிடம் கேட்டபோதும் ஏறக்குறைய இதே பதில் வந்தது: 40 சதவீதம் பேர் வாங்கமாட்டோம் என்றார்கள். கணிப்பில் சொல்வதும் பணப்பையைத் திறப்பதும் ஒன்றல்ல என்பதால் இந்த எண்களை அப்படியே விற்பனைக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரு வேறு கணிப்புகள் ஒரே பக்கம் சாய்வதைத் தள்ளிவிட முடியாது.

சில இடங்களில் பிரெஞ்சு விருப்பம் சார்ந்த விஷயமே அல்ல, சட்டம். பிரான்சில் 1994 ஆகஸ்ட் 4-ஆம் தேதியிட்ட தூபோன் சட்டம், பொருளின் விவரம், விளம்பரம், பயன்பாட்டுக் குறிப்பு, உத்தரவாதம், பில் எல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்கிறது. ஊழியர்கள் தங்கள் வேலையைச் செய்யத் தேவையான ஆவணங்களும் அதில் அடங்கும். ஜி.இ. மெடிக்கல் சிஸ்டம்ஸின் பிரெஞ்சுக் கிளை ஊழியர்களுக்குத் தொழில்நுட்பக் கையேடுகளை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்ததற்காக வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் அதன் தலையில் ஏற்றிய தொகை 5 லட்சம் யூரோவுக்கும் மேல். கியூபெக்கில் 1977-இன் பிரெஞ்சுமொழிச் சாசனம் 2022-இல் இன்னும் இறுக்கப்பட்டது. அங்கே கிளை வைத்து விற்கும் நிறுவனத்தின் இணையதளம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். வேற்றுமொழிப் பதிப்பைவிட அது எந்த வகையிலும் குறைந்ததாக இருக்கக் கூடாது. மீறும் நிறுவனத்துக்கு முதல் தடவை அபராதம் 3,000 முதல் 30,000 கனடா டாலர். கடைப் பலகையில் கன்னடம் 60 சதவீதம் வேண்டும் என்ற விதியை நேரில் கண்ட பெங்களூருவாசிகளுக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்திய நிறுவனங்கள் அதிகம் கோட்டைவிடும் சந்தை ஆப்பிரிக்கா. சி.எஃப்.ஏ. பிராங்க் என்ற நாணயம் புழங்கும் 14 நாடுகளில் பெரும்பாலானவற்றில் வணிகத்தின் மொழி பிரெஞ்சு. யூரோவுக்கு 655.957 என்று அதன் மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால் அங்குள்ள வாங்குநருக்கு யூரோவில் விலை சொல்வதும் எளிது. 17 நாடுகளுக்குப் பொதுவான ஒஹாதா வணிகச் சட்டமும் முதலில் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது. மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் அண்மை ஆண்டுகளில் பிரெஞ்சை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கிய பிறகும் பணிமொழியாக வைத்திருக்கின்றன. இந்திய மோட்டார் சைக்கிளும் மருந்தும் ஏற்கெனவே ஆப்பிரிக்கச் சாலைகளிலும் கடைகளிலும் இருக்கின்றன. உதிரிபாகப் பட்டியலையும் பழுது பார்க்கும் கையேட்டையும் பிரெஞ்சில் வைக்கும் நிறுவனத்துக்குத்தான் அங்குள்ள மெக்கானிக் இரண்டாம் முறையும் ஆர்டர் கொடுப்பார்.

மொழிபெயர்ப்பில் மிக விசித்திரமான சிக்கல் சொற்களில் இல்லை, எண்களில் இருக்கிறது. பிரெஞ்சில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வரும்; ஆயிரங்களைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். ஆகவே 1,500 கிலோ என்று எழுதினால் பிரெஞ்சுக்காரர் அதை ஒன்றரைக் கிலோ என்று படிக்கக்கூடும். நம் வழக்கப்படி 1,25,000 என்று எழுதினாலோ, இரண்டு காற்புள்ளி கொண்ட அந்த எண்ணை எப்படிப் படிப்பதென்றே அவருக்குத் தெரியாது. 125 000 என்று இருந்தால்தான் புரியும். அந்த இடைவெளியும் சாதாரண இடைவெளியாக இருக்கக் கூடாது. வரி முடியுமிடத்தில் எண் இரண்டாக உடைந்து 125 மேலேயும் 000 கீழேயும் போய்விடாதபடி, பிரியா இடைவெளி என்ற தனிக்குறியை நிரலில் போட வேண்டும். யூரோ அடையாளம் எண்ணுக்குப் பின்னால் வரும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது பில்லியன். ஆங்கிலத்தில் நூறு கோடி. பிரெஞ்சில் அதே எழுத்துக்கள் லட்சம் கோடி. நூறு கோடிக்கு அவர்கள் சொல்வது மில்லியார். 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள நிறுவனம் தன்னை 5 பில்லியன் என்று பிரெஞ்சுப் பக்கத்தில் அறிமுகப்படுத்திக்கொண்டால், ஆயிரம் மடங்கு பெரிதாகச் சொன்னதாக ஆகும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைக் கழித்துக் கட்டும் பீன்யா பட்டறைகள் தங்கள் இணையதளத்து எண்களுக்கும் அதே கண்டிப்பைக் காட்டலாம்.

பிரான்சில் எழுதும் பிரெஞ்சும் கியூபெக்கில் எழுதும் பிரெஞ்சும் முழுக்க ஒன்றல்ல. கேள்விக்குறிக்கும் வியப்புக்குறிக்கும் முன் பிரான்சில் இடைவெளி விடுவார்கள், கியூபெக்கில் விடுவதில்லை. அன்றாடச் சொற்களும் மாறும். எந்தப் பக்கம் எந்த நாட்டுக்கானது என்பதைத் தேடுபொறிக்குச் சொல்ல ஹெச்ரெஃப்லேங் என்ற குறிப்பை கூகுள் 2011-இல் அறிமுகப்படுத்தியது. அது இல்லாவிட்டால் மான்ட்ரியலில் தேடுபவருக்கு யூரோ விலைப் பக்கம் போய்ச் சேரலாம்.

முகப்புப் பக்கத்தை மட்டும் பிரெஞ்சில் போட்டுவிட்டு, விசாரணைப் படிவம், கொட்டேஷன், பில், வாரண்டி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விட்டுவைப்பது, வாசலில் தோரணம் கட்டிவிட்டு உள்ளே இலை போடாத கல்யாண வீடு. வந்தவர் திரும்பிப் போய்விடுவார். இயந்திர மொழிபெயர்ப்பு இன்று பிரெஞ்சில் நன்றாகவே செய்கிறது என்பது உண்மை. ஆனால் பொறுப்பேற்று ஒவ்வொரு பக்கத்தையும் படித்துத் திருத்த, துறை தெரிந்த ஒருவர் வேண்டும். அவருக்கான கூலியில்தான் நிறுவனங்கள் முதலில் கைவைக்கின்றன. வடிவமைப்பாளருக்குத் தரும் தொகையில் சிறு பங்குகூட மொழிபெயர்ப்பாளருக்குப் போவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆளுக்குப் பஞ்சமும் இல்லை. பெங்களூருவின் வசந்தநகரில் அல்லியான்ஸ் பிரான்சேஸ் பல பத்தாண்டுகளாகப் பிரெஞ்சு கற்பிக்கிறது. நகரின் பல பள்ளிகளில் அது ஒரு பாடமொழி. முந்நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி, அங்கே 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளி. பதினெட்டாம் நூற்றாண்டில் அதே ஊரில் பிரெஞ்சுக் கம்பெனி, பல மொழிகள் தெரிந்த ஆனந்தரங்கப் பிள்ளையைத் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், வைத்துத்தான் வியாபாரத்தையும் அரசியலையும் நடத்தியது. அவருடைய இடம் கம்பெனி நிர்வாகத்தின் நடுவில் இருந்தது. இன்றைய மொழிபெயர்ப்பாளரையும் விற்பனைக் குழுவோடு உட்காரவைத்தால் எந்தப் பக்கத்தை முதலில் மாற்றுவது என்பது தானே தெளிவாகும்: அதிகம் விற்கும் பொருள்களின் பக்கங்கள், விசாரணைப் படிவம், பிறகு கையேடு, உதிரிபாகப் பட்டியல்; நிறுவன வரலாறு கடைசியில் வரலாம். பிரெஞ்சில் வரும் கடிதத்துக்குப் பிரெஞ்சிலேயே பதில் எழுத ஓர் ஆளை முன்கூட்டியே அமர்த்த வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் விலையோ அளவோ மாறும் அன்றே பிரெஞ்சுப் பக்கத்திலும் மாறுகிறதா என்று பார்க்கும் பொறுப்பும் அவருடையதாக இருக்கலாம்.