இனிப்புப் பொரியும் கரண்டிக் கணக்கும்

கார்த்திகைத் தீபத் திருநாள் வந்துவிட்டால், தமிழர் இல்லங்களில் அகல் விளக்கோடு பொரியும் வந்து சேரும். நெற்பொரியும் அவற்பொரியும் வெல்லப் பாகில் புரண்டு, உருண்டைகளாகித் தட்டில் ஏறும். சொந்த மண்ணை விட்டு வந்து மூன்று நான்கு தலைமுறைகள் கடந்த பின்னரும், பூதிகோட்டையிலும் பங்காருப்பேட்டையிலும் தங்கவயலிலும் வாழும் நாம் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை.

சென்ற ஆண்டு அத்திருநாளன்று என் தாயார் பேரக் குழந்தைகளுக்கு உருண்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, தம்முடைய தட்டை மட்டும் கவிழ்த்து வைத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. "எனக்கு எதுக்குப்பா, பிள்ளைங்க சாப்பிடட்டும்" என்று சொல்லி விளக்குக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். குழந்தைகளோ உருண்டையைப் பாதி கடித்து வைத்துவிட்டு, கடையில் விற்கும் இனிப்புப் பாப்கார்ன் வேண்டுமென்று அடம் பிடித்தனர். ஒரே வீட்டில் ஒருவருக்கு இனிப்பே ஆகாது. மற்றவர்களுக்கு மிதமிஞ்சிய இனிப்பின்றி ஆகாது. இவ்விரு சாராரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்து உண்ணும்படியான பொரி ஒன்றை வீட்டிலேயே செய்ய முடியாதா என்ற கேள்வி அன்று எழுந்தது. அதற்கு நான் கண்ட விடையே இக்கட்டுரை.

பொரியுருண்டையை நம் முன்னோரும் உண்டார்களே, அவர்களுக்கு வராத வியாதி நமக்கேன் என்று கேட்பவர் உண்டு. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டில் தங்கவயலில் காலூன்றிய பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர் இங்கு வந்தனர். சாம்பியன் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கியது. அந்த வெப்பத்தில் பாறையை உடைத்தவனுக்கு ஓர் உருண்டை வெல்லம் மறுநாள் உழைப்பிலேயே கரைந்து போயிருக்கும். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளிற் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் செல்கின்றனர். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு, இருட்டியபின் மீண்டும் ரயிலில் வீடு திரும்புகின்றனர். நாக்கு தாத்தாவின் நாக்காகவே இருக்கிறது. உழைப்புத்தான் தாத்தாவின் உழைப்பாக இல்லை.

சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 10 கோடி மக்கள், நீரிழிவு உடையவர்கள் என்று அது மதிப்பிட்டது. ஆகவே, இஃது என் வீட்டுக் கதை மட்டுமன்று.

பொரியின் மீது குற்றம் உண்டா என்பதை முதலில் ஆராய்வோம். பாப்கார்ன் எனப்படுவது மக்காச்சோளத்தில் ஒரு தனி வகை. கோழித் தீவனத்துக்குப் போகும் சாதாரண மக்காச்சோளம் இவ்வாறு பொரியாது. பொரிசோளத்தின் தோல் கடினமானது. அதனுள்ளே 13 அல்லது 14 சதவீதம் ஈரம் அடங்கியிருக்கும். சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி உள்ளேயே நெருக்கும். வெப்பம் 180 டிகிரி செல்சியஸை எட்டும்போது தோல் வெடிக்கிறது. உள்ளிருக்கும் மாவு நுரைத்து மலர்ந்து, மூல மணியைப் போல் முப்பது நாற்பது மடங்கு பருமனாகிறது. இதன் பெரும்பகுதி வெறும் காற்று. ஆகையால், எண்ணெயின்றிப் பொரித்த சோளம் ஒரு பெரிய குவளை நிறைய எடுத்தாலும் அதன் எடை சுமார் 8 கிராம்தான். அது தரும் சக்தி சுமார் 30 கலோரிதான். (கலோரி என்பது உணவு உடலுக்குத் தரும் சக்தியை அளக்கும் அளவு.)

அப்படியானால் குற்றவாளி யார்? எழுத்தர் வேலை பார்ப்பவனுக்குக் கணக்கு எழுதுவது கைவந்த பழக்கம். நால்வர் உண்ணும் ஒரு பாத்திரத்துக்குக் கணக்கெழுதிப் பார்த்தேன்.

பொரிசோளம் 50 கிராம். பொரிந்தபின் அது தருவது சுமார் 175 கலோரி. கடைப் பாணியில் பாகு காய்ச்சுவதானால், அதற்குச் சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 30 கிராம் ஆகும். சர்க்கரைக்கு 400 கலோரி. வெண்ணெய்க்குச் சுமார் 215. ஆகமொத்தம் 790. இதில் சோளத்தின் பங்கு நான்கில் ஒன்றுகூட இல்லை! நால்வருக்கும் பங்கிட்டால், ஒருவர் வயிற்றில் 25 கிராம் சர்க்கரை சேருகிறது. உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கவேண்டும், அதிலும் பாதியாக, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. காலைக் காப்பிக்கும் மாலைத் தேநீருக்கும் இடமின்றி, முழு நாளின் அளவையும் ஒரு கைப்பொரியே தின்று தீர்த்துவிடுகிறது.

அரசாங்கத்தின் வரிக் கணக்கிலும் இந்த வேற்றுமை ஒரு சமயம் வெளிப்பட்டது. 2024 டிசம்பர் 21ஆம் நாள் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இதை விளக்கியது. உப்பும் மசாலாவும் கலந்த பொரியைப் பொட்டலமிடாமல் விற்றால் வரி 5 சதவீதம். பொட்டலமிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டி விற்றால் 12 சதவீதம். சர்க்கரைப் பாகு பூசியதாயின் அது மிட்டாய் இனத்தைச் சேர்ந்துவிடுவதால் 18 சதவீதம் என்றது. நாடெங்கும் நகைத்தனர். 2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் மாற்றி அமைக்கப்பட்டன. ஆயினும், பாகு பூசிய பொரி பொரியன்று, மிட்டாயே என்ற அந்தத் தீர்ப்பு உணவு நூலின்படி சரியானதே.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் சேர்த்தால் தீங்கில்லை என்பது முதலாவது. 100 கிராம் வெல்லமும் ஏறத்தாழ 350 முதல் 380 கலோரி வரை தருகிறது. மணமும் நிறமும் வேறு. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் உடன்பிறப்புகள். செயற்கை இனிப்பூட்டிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது இரண்டாவது. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு அவற்றை நாட வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் கூறியது. நீரிழிவு உடையவர்களுக்கென அந்த அறிவுரை எழுதப்படவில்லை. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு நடக்கவேண்டும். அன்றியும், அஸ்பர்டேம் போன்றவை சூட்டில் இனிப்பை இழந்துவிடும். பாகு காய்ச்ச உதவா. எனவே, இனிப்பை மாற்றுவதைவிட இனிப்பின் அளவைக் குறைப்பதே நேர்வழி.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

அடிகனத்த, மூடியுள்ள பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான தீயில் மூன்று சோள மணிகளைப் போடுக. அம்மூன்றும் வெடித்தால் சூடு பதமாயிற்று என்று பொருள். உடனே 50 கிராம் சோளத்தையும் கொட்டி மூடி, அரை நிமிடம் அடுப்பிலிருந்து இறக்கி வைத்துப் பின் மீண்டும் ஏற்றுக. எல்லா மணிகளும் ஒருசேரச் சூடேறுவதற்கே இந்த இடைவெளி. வெடிக்கத் தொடங்கியதும் பாத்திரத்தை அடிக்கடி குலுக்கவேண்டும். மூடியை இழையளவு திறந்து வைத்தால் ஆவி வெளியேறிப் பொரி மொறுமொறுப்பாக இருக்கும். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையே இரண்டு விநாடி ஆகும்போது இறக்கிவிடுக. பிரஷர் குக்கரில் செய்வோர் அதன் மூடியைப் பூட்டலாகாது. ஒரு தட்டால் மூடினால் போதும்.

எண்ணெயே வேண்டாமென்போருக்குப் பொரிகாரரின் பழைய வழி இருக்கிறது. அவர்கள் சுடுமணலில் வறுப்பார்கள். நாம் இரும்பு வாணலியில் கல்லுப்பைச் சூடாக்கி, அதில் சோளத்தைப் பொரித்துச் சல்லடையில் சலித்துக் கொள்ளலாம். சிறிது உப்பு ஒட்டும். ஆதலால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இம்முறை வேண்டாம்.

பழைய சோளம் சரியாகப் பொரியாவிடில், அதன் ஈரம் உலர்ந்துவிட்டது என்று அறிக. ஜாடியில் ஒரு கரண்டி நீர் தெளித்து, மூடிக் குலுக்கி, இரண்டு நாள் வைத்திருந்தால் பெரும்பாலும் சீர்படும்.

இனிப்புச் சேர்ப்பதில்தான் நான் முதலில் தோற்றேன். சர்க்கரையை அப்படியே தூவினேன். அது முழுவதும் பாத்திரத்தின் அடியில் போய் அமர்ந்தது. மேலே உள்ள பொரி சப்பென்றிருந்தது; அடியில் உள்ளது தித்தித்தது. பிறகே உண்மை விளங்கிற்று. நாக்கு அறிவது பொரியின் மேற்புறத்தில் இருக்கும் இனிப்பையே. அந்த மேற்புறத்தில் மெல்லியதாக ஒட்டிக்கொண்டால் கொஞ்சமே போதும். ஆகவே, தலைதட்டிய மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை (12 கிராம்) இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகைச் சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றுடன் சேர்த்து மாவுபோல் அரைத்துக் கொள்க. பொரி இறக்கியவுடன், எண்ணெயும் சூடும் ஆறுமுன், அதைப் பரவலாகத் தூவிக் குலுக்குக. ஏலமும் சுக்கும் மணத்தைத் தந்து இனிப்பை எடுத்துக்காட்டும். உப்பு அதைத் துலக்கும்.

பாகுதான் வேண்டுமென்றால், சிறு நெல்லிக்காய் அளவு வெல்லத்தை இரண்டு தேக்கரண்டி நீரில் கரைத்து வடிகட்டி, நுரைத்துக் கெட்டியாகும் வரை காய்ச்சி, பொரியின் மீது தெளித்து, மெல்லிய தீயில் ஒரு நிமிடம் கிளறி, தட்டில் பரப்பி உலரவிடுக. எல்லாப் பொரியிலும் பாகு படாது, படவும் வேண்டாம். ஒன்று இனிப்பாகவும் அடுத்தது வெறுமையாகவும் வாயில் விழுவதால், இனிப்பின் அருமை நாக்குக்கு மறப்பதில்லை.

கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு கடுமையாகச் சுடும். குழந்தைகளை அருகில் விடவேண்டாம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சோளப்பொரி கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழலில் சிக்கும் அபாயம் உண்டு.

இப்போது கணக்கை முடிப்போம். சோளம் 175, எண்ணெய் 40, சர்க்கரை 48. மொத்தம் 263 கலோரி. தலைக்கு 66 கலோரி. சர்க்கரை 3 கிராம். கடைப் பாணியில் இது தலைக்கு 197 கலோரி, 25 கிராம் சர்க்கரை.

இன்னொரு நல்ல துணையை இந்த மண்ணே நமக்குத் தந்திருக்கிறது. பூதிகோட்டையைச் சுற்றிலும் கேழ்வரகு விளையும் நிலம். நம் கன்னட அண்டை வீட்டார் கேழ்வரகை நீர் தெளித்து ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, சுடுசட்டியில் பொரித்து மாவாக்கி, 'ஹுரிஹிட்டு' என்று வைத்துக்கொள்வர். சோளத்தை வெடிக்கச் செய்யும் அதே ஈரமும் சூடுமே கேழ்வரகையும் மலரச் செய்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அந்த மாவில் ஒரு தேக்கரண்டியை அரைத்த சர்க்கரையுடன் கலந்து தூவினால், சர்க்கரை நன்கு பரவும். வறுத்த மணமும் கூடும். தமிழ்க் கார்த்திகையும் கன்னட ஹுரிஹிட்டும் ஒரே பாத்திரத்தில் கூடுவது நம் வாழ்வுக்கும் பொருத்தமானதே.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரை குறைந்தது என்பதால் பொரியை மரக்கால் கணக்கில் உண்ணலாகாது. சோளமும் மாவுப் பொருளே. அதுவும் இரத்தத்தில் சர்க்கரையாகும். நீரிழிவு உடையவர்கள் தமக்கு எவ்வளவு தகும் என்பதை மருத்துவரிடம் கேட்டே உண்ணவேண்டும்.

நாங்களும் கேட்டோம். ஒரு சிறு கிண்ணம் போதும், அதுவும் மாலைச் சிற்றுண்டிக்குப் பதிலாக, என்றார் மருத்துவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இவ்வாறு செய்த பொரியைக் குழந்தைகளுக்குத் தட்டிலும் தாயாருக்கு அளந்த கிண்ணத்திலும் வைத்தோம். ஒவ்வொன்றாக எடுத்து மெல்ல மென்றார். "கார்த்திகை உருண்டைக்கு இது ஈடாகாதுப்பா" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல், அடுத்த தடவை பாத்துப் போடு" என்றார்.

அடுத்த தடவை என்று அவர் சொன்னதே எனக்குப் போதுமானதாயிருந்தது. நம் வீடுகளில் கவிழ்ந்து கிடக்கும் தட்டுக்கள் எத்தனையோ. இவ்வாண்டு கார்த்திகைக்கு அவற்றில் ஒன்றையேனும் நிமிர்த்த, சகோதர சகோதரிகள் இம்முறையைச் செய்து பார்ப்பார்களாக.