சைலன்ஸர் மாற்றியாயிற்று, பெட்ரோலை என்ன செய்வது?

இவ்வாண்டுப் பொங்கல் விழா முடிந்து, பாத்திரங்களையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் நாலைந்து பேர் மண்டபத்து வாசலில் நின்றிருந்தோம். முதலாண்டு ரசாயன மாணவர் ஒருவர் தம் புது 350 சி.சி. மோட்டார் சைக்கிளை முடுக்கினார். வாசலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடிவிட்டன. "அண்ணா, சைலன்ஸரும் ஏர் பில்டரும் மாற்றியிருக்கிறேன். சத்தம் எப்படி?" என்று பெருமையோடு கேட்டார்.

சத்தம் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கைப்பிடியைத் திருகியதும் எஞ்சின் ஒரு கணம் தயங்கி, இருமி, அதன்பிறகே எழுந்தது. கையை விட்டதும் பின்னால் ஊசிப்பட்டாசு போலப் படபடவென்று வெடித்தது. "பெட்ரோலைக் கூட்ட ஒரு பெட்டி வாங்கி மாட்டச் சொல்கிறார் கடைக்காரர். விடுதியிலுள்ள நண்பனோ, பெட்டி வேண்டாம், வண்டியின் கம்ப்யூட்டரையே மாற்றி எழுதவேண்டும் என்கிறான். எதைச் செய்யட்டும்?" என்றார். அன்று இரவு குளிரில் நின்று அரைகுறையாகச் சொன்ன பதிலை, நம் இதழாசிரியர் முழுதாக எழுதித் தரச் சொன்னார்.

எஞ்சின் பெட்ரோல் குடிப்பதாகவே நாம் பேசுகிறோம். உண்மையில் அது உண்பதில் பெரும்பகுதி காற்று. 1 கிராம் சுத்தமான பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். 349 சி.சி. எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுச் சுழன்றால் 2,000 முறை மூச்சிழுக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் சிலிண்டர் 80 சதவிகிதம் நிரம்புவதாகக் கொண்டால் நிமிஷத்துக்குச் சுமார் 560 லிட்டர் காற்று, எடையில் 670 கிராம். அதற்கு ஈடான பெட்ரோல் 46 கிராம்தான். சைலன்ஸரையும் பில்டரையும் மாற்றுவது மூச்சுக்குழாயை அகலப்படுத்துவது. 80 என்பது 85 ஆகலாம்; ஆனால் எல்லாச் சுழற்சியிலும் அப்படி ஆகாது. புகைக்குழாயில் முன்னும் பின்னும் ஓடும் அழுத்த அலைகள் சில சுழற்சிகளில் துணைசெய்யும், சிலவற்றில் எதிர்க்கும். ஆகவே 'சைலன்ஸர் மாற்றினால் இத்தனை சதவிகிதம் பெட்ரோல் கூட்டு' என்று ஒரே எண்ணைச் சொல்பவர் சொல்வதை நம்பவேண்டுவதில்லை.

காற்று கூடிப் பெட்ரோல் கூடாவிட்டால் கலவை 'லீன்'. பெட்ரோல் மிகுந்தால் 'ரிச்'. இருக்கும் காற்றுக்கும் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதத்தை லாம்டா என்பார்கள். சரிசமமானால் 1, லீன் என்றால் 1-க்கு மேல், ரிச் என்றால் 1-க்குக் கீழ். சாலையில் சீராக ஓட 1 போதும். முழுத் திறனும் வேண்டும்போது 0.85 முதல் 0.9 வரை இருப்பதே நலம். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகி உஷ்ணத்தையும் சற்றுத் தணிக்கும்.

இதெல்லாம் பௌதிக மாணவனாகிய எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் எஞ்சினை நானே கெடுத்தேன். அதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நியாயமன்று.

ஊருக்குத் திரும்பிய மூத்த மாணவரிடமிருந்து கார்புரேட்டர் வைத்த பழைய 350 ஒன்றை வாங்கினேன். ஒரு மே மாதத்தில் கரோல்பாக் போய் சைலன்ஸரையும் கூம்பு வடிவப் பில்டரையும் மாற்றிக்கொண்டு வந்தேன். மெக்கானிக் உஸ்தாத் ஐட்லிங் திருகை இப்படியும் அப்படியும் திருப்பி, காதால் கேட்டு, "சரியாகிவிட்டது" என்றார். வண்டியும் ஓடிற்று. ஜனவரியில் ஒரு நாள் காலையில் யமுனா விரைவுச் சாலையில் ஆக்ரா நோக்கிப் புறப்பட்டேன். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் போயிருப்பேன். ஏதோ ஒரு கை பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போலிருந்தது; பின்சக்கரம் கீறிச்சிட்டது. கிளட்சைப் பிடித்ததால் தப்பினேன். பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வியிருந்தது. மூன்று மாத மெஸ் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணம் பிஸ்டனுக்கும் சிலிண்டர் கடைசலுக்கும் போயிற்று. பின்னால் லாரி எதுவும் வராததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கார்புரேட்டர் என்பது இளநீரில் போட்ட உறிஞ்சுகுழல் போன்றது. காற்று குறுகிய கழுத்து வழியே விரைவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஜெட்டின் துளை வழியே மேலே வருகிறது. பழைய பில்டரும் அதன் பெட்டியும் காற்றைச் சற்றுத் தடுத்து, கழுத்தின் அழுத்தத்தை இன்னும் இறக்கி, பெட்ரோலை இழுக்க உதவிக்கொண்டிருந்தன. அந்தத் தடையை நான் நீக்கியதும் காற்று கூடிற்று. இழுக்கும் விசையோ அந்த அளவுக்குக் கூடவில்லை. இது முதற் கேடு. இரண்டாவது டில்லியின் பருவம். மே மாதத்து 42 பாகைக் காற்றைவிட ஜனவரியின் 10 பாகைக் காற்று 11 சதவிகிதம் அடர்த்தி மிக்கது. கார்புரேட்டரோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே பெட்ரோலைக் கூட்டித் தரும். எனவே மேலும் 5 சதவிகிதம் லீன். குளிர் எஞ்சினைக் காக்கும் என்று நான் எண்ணியிருந்தேன்! மூன்றாவது, பெட்ரோலே மாறியது. 2023-இல் தொடங்கி 2025-க்குள் நாடெங்கும் பரவிய இ20 பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். எத்தனாலில் பிராணவாயு உள்ளடங்கியிருப்பதால் 1 கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்றே போதும். இ20 கலவைக்கு 13.5. முந்தைய இ10-க்கு 14.1. ஜெட்டின் துளைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இன்னொரு 4 சதவிகிதம் லீன். மூன்றில் ஒன்று மட்டும் வந்திருந்தால் எஞ்சின் பொறுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கார்புரேட்டர் வண்டிக்கு வழி ஒன்றுதான்: ஜெட் மாற்றுவது. கைப்பிடியின் முதற் கால் திருப்பத்தைப் பைலட் ஜெட்டும், நடுப்பகுதியை ஊசியும், கடைசிக் கால் திருப்பத்தை மெயின் ஜெட்டும் ஆள்கின்றன. ஐட்லிங்கில் காதால் கேட்டுத் திருகியது முக்கால் திருப்பத்தில் நான் ஓடியபோது எதற்கும் உதவவில்லை என்பது இப்போது விளங்கும். ஜெட்டின் எண் ஏறினால் பெட்ரோல் கூடும்; ஆனால் சில உற்பத்தியாளர் எண்ணைத் துளையின் விட்டத்தாலும், சிலர் பாயும் அளவாலும் குறிப்பதால், ஒருவருடைய எண்ணை இன்னொருவருடையதோடு ஒப்பிடக்கூடாது. ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் பழைய முறையும் உண்டு. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றபின் அந்த நிறம் முன்போல் தெளிவாகப் பேசுவதில்லை. கரி படிந்தால் ரிச் என்று அறியலாம். அதற்குமேல் நான் அதை நம்பமாட்டேன்.

பொங்கல் நண்பரின் வண்டி வேறு இனம். 2020 ஏப்ரல் முதல் நாள் பி.எஸ்.6 விதி வந்தபின் விற்கும் பெரும்பாலான வண்டிகளைப் போல் அதில் இன்ஜெக்டர் உண்டு, அதை இ.சி.யு. என்னும் சிறு கம்ப்யூட்டர் ஆள்கிறது. எஞ்சின் சுழற்சி, கைப்பிடியின் திறப்பு, உட்குழாயின் அழுத்தம், காற்றின் உஷ்ணம் இவற்றைப் பார்த்து, தன்னிடமுள்ள அட்டவணைப்படி இன்ஜெக்டரைச் சில மில்லி செகண்டு திறக்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் ரிச் என்றால் ஏறக்குறைய 0.9 வோல்ட்டும், லீன் என்றால் 0.1 வோல்ட்டும் சொல்லும். சீரான ஓட்டத்தில் இ.சி.யு. அதைக் கேட்டுக் கேட்டு லாம்டாவை 1-லேயே பிடித்துவைக்கும். இ20-யும் ஜனவரிக் குளிரும் அதை ஏமாற்றமாட்டா. ஆனால் முழுக்க முறுக்கும்போது அது சென்சாரை விட்டுவிட்டு அட்டவணையை மட்டுமே நம்பும். அட்டவணை எழுதியவர் பழைய சைலன்ஸருக்கும் பழைய பில்டருக்கும்தான் எழுதினார்.

இதிலிருந்து ஒன்று புலப்படும். சைலன்ஸரின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றியவர் பெரும்பாலும் எதுவும் செய்யவேண்டியதில்லை. வண்டி தானே சமாளித்துக்கொள்ளும். பில்டர், வளைகுழாய், சைலன்ஸர் மூன்றையும் மாற்றியவருக்கே கேள்வி எழுகிறது. அவருக்கு மூன்று வழிகள் உண்டு.

மலிவானது, சென்சாரின் சொல்லை மாற்றிச் சொல்லும் சிறு கருவி. அது 'லீன், லீன்' என்று பொய் சொல்ல, இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும். தயக்கம் போகும். ஆனால் தேவையே இல்லாத சீரான ஓட்டத்தில்தான் அது பெட்ரோலைக் கூட்டுகிறது. தேவையான முழுத் திறப்பில் சென்சாரைக் கேட்பாரே இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை.

இரண்டாவது, கடைக்காரர் சொன்ன பெட்டி. இ.சி.யு.வுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து, திறக்கும் நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். டைனோஜெட் நிறுவனத்தாரின் பவர் கமாண்டர் இவ்வகையில் பேர்பெற்றது. கழற்றிவிட்டால் வண்டி பழையபடி ஆகும் என்பது இதன் பெருங்குணம். குறை என்னவென்றால், சென்சார் ஆளும் பகுதியில் பெட்டி 5 சதவிகிதம் கூட்டினால் இ.சி.யு. அதை ரிச் என்று கண்டு 5 சதவிகிதத்தைத் திருப்பி எடுத்துவிடும். மாமியாரும் மருமகளும் ஒரே குழம்புக்கு மாறி மாறி உப்பும் தண்ணீரும் சேர்ப்பது போலத்தான். ஆகையால் அந்தப் பகுதியைத் தொடாமல், பெரிய திறப்புகளில் மட்டும் கூட்டத் தெரிந்தவர் கையில் இது நல்ல கருவி.

மூன்றாவது, விடுதி நண்பன் சொன்ன வழி: இ.சி.யு.வின் அட்டவணையையே மாற்றி எழுதுவது. பெட்ரோலோடு தீப்பொறியின் நேரத்தையும் திருத்தலாம், சண்டை இல்லை. ஆனால் எல்லா இ.சி.யு.வும் திறக்காது, உத்தரவாதம் போகலாம். எழுதுபவர் தவறினால் தவறு ஆழத்தில் இருக்கும். யாரோ ஒருவருடைய வண்டிக்கு எழுதிய அட்டவணையை வாங்கி ஏற்றுவதாயின், பெட்டிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. உருளை மேல் வண்டியை ஓடவிட்டு அளக்கும் டைனமாமீட்டரில், ஒவ்வொரு திறப்பிலும் ஒவ்வொரு சுழற்சியிலும் லாம்டாவைப் பார்த்து எழுதினால்தான் காசுக்குத் தகும்.

ஆக, கருவியைத் தேர்வதற்கு முன் அளக்கவேண்டும். வைட்பேண்ட் சென்சார் என்று ஒன்று உண்டு. ரிச், லீன் என்று இரண்டே சொல் சொல்லாமல் லாம்டாவை எண்ணாகவே சொல்லும். புகைக்குழாயில் ஒரு திருகுவாய் பற்றவைத்து அதைப் பொருத்தினால் ஓடும்போதே படிக்கலாம். என் பிஸ்டன் போனபிறகு நாங்கள் மூவர் பங்கு போட்டு ஒன்று வாங்கினோம்.

அதை நண்பரின் வண்டியில் பொருத்தியதில் வேடிக்கை ஒன்று வெளிப்பட்டது. வண்டியின் சொந்தச் சென்சார் லீன் என்று கதறிக்கொண்டிருந்தது. சைலன்ஸரின் வாயருகே நின்றால் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. ஸ்பார்க் பிளக்கோ கரி பூசியிருந்தது. நம் வைட்பேண்டும் லீன் என்றே சொல்லிற்று. மூன்று சாட்சிகளும் பொருந்தவில்லை. பஞ்சர் கடைக் காற்றுக்குழாயை ஒரு துணி சுற்றிச் சைலன்ஸரின் வாயில் வைத்து மெல்ல ஊதச் சொல்லி, எஞ்சினில் வளைகுழாய் சேருமிடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினோம். பொத்துப் பொத்தென்று குமிழி வந்தது. புதுக் குழாய் மாட்டியபோது பழைய கேஸ்கெட் வளையத்தையே மறுபடி போட்டிருந்தார்கள். அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சார்கள் இரண்டையும் ஏமாற்ற, இ.சி.யு. வீணே பெட்ரோலைக் கொட்டியது. வெடிச்சத்தத்துக்கும் அந்தக் காற்றே காரணம். பெட்டி வாங்கியிருந்தால் ஏற்கெனவே ரிச்சான எஞ்சினுக்கு இன்னும் பெட்ரோல் ஊற்றியிருப்பார்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இன் திருத்தத்துக்குப்பின், சத்தம், புகை விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. போலீஸாருக்கு லாம்டா தெரியாது, காது உண்டு. அதைவிட, புகையிலுள்ள நஞ்சைத் தணிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பல வண்டிகளில் நாம் கழற்றி எறியும் குழாய்க்குள்தான் இருக்கிறது. டில்லிக் குளிர்காலத்தில் நாம் மூச்சிழுக்கும் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. இதையெல்லாம் தள்ளிவைத்தாலும் ஆதாயம் சொற்பம்: 20 குதிரைத்திறன் எஞ்சினில் 10 சதவிகிதம் கூடினாலும் இரண்டே குதிரை.

நண்பர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு பழைய குழாயையும் சைலன்ஸரையும் புது கேஸ்கெட்டோடு மாட்டிக்கொண்டு, காற்று பில்டரை மட்டும் புதிதாக வைத்துக்கொண்டார். முழுத் திறப்பில் லாம்டா 0.89 என்று வந்தது. பெட்டி வாங்கவில்லை.

என் வண்டியிலும் இப்போது பழைய சைலன்ஸர்தான். கூம்பு பில்டர் இருப்பதாலும் இ20 இருப்பதாலும் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றி, ஊசியின் கீழ் ஒரு மெல்லிய வாஷர் வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் படித்த எண்களைக் குறித்து வைத்தாயிற்று. மே மாத வெயிலில் மறுபடி படிக்கவேண்டும். நம் சங்கத்தில் வேறு எவருக்கேனும் அளவுமானி தேவையானால் இரவல் தருகிறோம். திருகுவாய் பற்றவைக்கும் செலவு அவரவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கேட்கக்கூடாது, அன்று நாங்களே வைத்துக்கொள்வோம்.